மாட்டைப் பார்த்துக்கிற ஆள்

தீவனக் கடையில் விற்பனையாளாக இருந்தவனை ஊரில் எல்லாரும் மந்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். எது கேட்டாலும் "ஆகட்டும், பாத்துக்கலாம்" என்பான், அதனால் வந்த பெயர் என்பார்கள் சிலர். தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் நாள் முழுக்க இருந்தும் சட்டையில் ஒரு தூசி ஒட்டாது, அதனால் வந்தது என்பார்கள் வேறு சிலர். எப்படி வந்ததோ, அந்தப் பெயர் அவனுக்குப் பிடித்திருந்தது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சில சமயம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்.

கடைக்குப் புண்ணாக்கு வாங்க வருகிறவன் புண்ணாக்கோடு மட்டும் போக முடியாது. கூடவே இலவசமாக ஒரு உபதேசமும் வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும். "கன்னுக்குட்டிக்கு வயிறு கழியுதா? பால அளவாக் குடு, ஆசைக்குக் குடுக்காத." "மடிநோய் வராம இருக்கணுமா? கையக் கழுவு, காம்பக் கழுவு, மடியில மிச்சம் வைக்காத. மூணே விஷயம், முடிஞ்சுது." இப்படி மூட்டையின் மேல் அச்சடித்திருப்பதையும் கம்பெனிக்காரன் வந்து சொல்லிவிட்டுப் போனதையும் கலந்து, நடுநடுவே "எங்க வீட்டுச் செவலைக்கு நான் என்ன பண்ணேன்னா..." என்று சேர்த்துச் சொல்வான். அதைக் கேட்டால் யாருக்கும் நம்பாமல் இருக்க முடியாது.

உண்மையில் அந்தச் செவலைக்கு அவன் எதுவும் பண்ணியதில்லை. வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் செவலை என்று ஒரு பசு, கறுப்பி என்று இன்னொன்று, ஒரு கிடாரி ஆக மூன்று உருப்படி. மூன்றையும் பார்ப்பது அவன் மனைவி. விடியும் முன்னே எழுந்து சாணி அள்ளுவது, பால் கறப்பது, புல் அறுத்து வருவது, கழுவி விடுவது எல்லாம் அவள்தான். அவன் காலையில் குளித்துவிட்டுக் கொட்டகை வாசலில் நின்று, "என்ன, எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்பான். "இருக்கு" என்பாள். அதோடு அவனுடைய மேற்பார்வை முடிந்துவிடும். உள்ளே போனால் செருப்பு அழுக்காகிவிடும்.

அந்த வருஷம் பால் சங்கத்தில் சிறந்த மாடு வளர்ப்பவருக்குப் பரிசு கொடுப்பதென்று முடிவு செய்தார்கள். செவலை அந்த ஊரிலேயே அதிகம் கறக்கிற மாடு. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. சங்கச் செயலாளர் கடைக்கு வந்து, "உங்க வீட்டு மாட்டுக்குத்தான் பரிசு. யார் பேர் போடட்டும்?" என்று கேட்டார். ஒரு நொடி அவன் வாயில் மனைவியின் பெயர் வந்து நின்றது. ஆனால் எதிரே நான்கு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என் பேரே போட்டுக்குங்க" என்றான்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி புல்லைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். "யார் பேர்ல வந்தா என்னங்க. செவலைக்குத்தான கிடைச்சுது" என்றாள். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் மட்டும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "அப்பா, செவலைக்கு எந்தக் கொம்பு வளைஞ்சிருக்கும்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். அவன், "படிக்கிற வேலையப் பாரு" என்றான்.

பரிசளிப்பு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. மேடை, மைக், பிளாஸ்டிக் நாற்காலிகள். முதல் வரிசையில் பெரிய அதிகாரி, அவருக்குப் பக்கத்தில் கால்நடை மருத்துவர் டாக்டரம்மா, கேமராவோடு இரண்டு பேர். மந்திரி புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன்னதாகவே போய் உட்கார்ந்துவிட்டான். செவலையைக் குளிப்பாட்டி ஓட்டி வருவது மனைவியின் பொறுப்பு. அவள் மாட்டை மேடைக்குக் கீழே கட்டிவிட்டு, மைதானத்தின் கடைசியில் தண்ணீர்க் குழாயோரம் போய் நின்றுகொண்டாள். அவனுடைய பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை மேலே மாட்டியிருந்தாள். வழியில் செவலை வாலைச் சுழற்றி அடித்ததில் அந்தச் சட்டையில் தோளிலிருந்து இடுப்புவரை சாணி பட்டை பட்டையாக அப்பியிருந்தது.

கோப்பையைக் கொடுத்த அதிகாரி நல்ல மனிதர், கொஞ்சம் உற்சாகமானவரும்கூட. "கோப்பையோட நின்னா என்ன அழகு இருக்கு? ரெண்டு பீச்சு கறந்து காட்டுங்க, அதப் படம் எடுக்கட்டும்" என்றார். கூட்டம் கை தட்டியது. மந்திரி, "இந்த நேரத்துல கறந்தா மாட்டுக்கு நல்லதில்லைங்க" என்று சொல்லிப் பார்த்தான். "ரெண்டு பீச்சுல என்ன ஆயிடும்?" என்று டாக்டரம்மாவே சிரித்தார். யாரோ ஒரு வாளியைக் கொண்டுவந்து கையில் திணித்தார்கள்.

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்பார்களே, அதற்கு அன்று ஊர் முழுக்கச் சாட்சி. அவன் எந்தப் பக்கம் உட்காரவேண்டும் என்று தெரியாமல் இந்தப் பக்கம் போனான், அந்தப் பக்கம் வந்தான். செவலை தலையைத் திருப்பி, 'யார் நீ?' என்பதுபோல ஒரு பார்வை பார்த்தது. அவன் குந்தி உட்கார்ந்து கையை நீட்டியதுதான் தெரியும். வாளி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். புதுச் சட்டையோடு மண்ணில் மல்லாந்து கிடந்தான். செவலை முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு நாற்காலிகளை உருட்டியபடி கூட்டத்துக்குள் புகுந்தது. ஜனங்கள் அலறி விலகினார்கள். அது யாரையும் முட்டவில்லை. நேராக மைதானத்தின் கடைசிக்குப் போய், குழாயோரம் நின்றவளின் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டது.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். கேலியாக இல்லை, சந்தோஷமாகத்தான். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தவனின் முன்னால் மைக்கை நீட்டி, "மாடு அவங்ககிட்ட இப்படிப் போய் நிக்குதே, அது யாருங்க?" என்று கேட்டார்.

எல்லார் தலையும் அவள் பக்கம் திரும்பியது. கேமராவும் திரும்பியது. அவளும் அவனைத்தான் பார்த்தாள். சாணி அப்பிய சட்டை, வியர்வையில் நெற்றியில் ஒட்டிய முடி, சேறு படிந்த வெறும் கால். ஒரு கை மாட்டின் கழுத்தில் இருந்தது.

"அது... மாட்டைப் பாத்துக்கிற ஆளுங்க" என்றான் மந்திரி.

மைக் அதை மைதானம் முழுக்கக் கொண்டுபோனது.

சிரிப்பு அப்படியே நின்றது. ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரிக்கு மட்டும் எதுவும் தெரியாது. அவர் மைக்கை வாங்கி, "பாத்தீங்களா, நல்ல ஆள் அமையறதும் ஒரு கொடுப்பினை. அந்தம்மாவுக்கும் ஒரு கை தட்டுங்க. ஐயா, சம்பளத்த மட்டும் குறைச்சுக் குடுத்துராதீங்க!" என்றார். ஒரு சிலர் கை தட்டினார்கள். பலர் தட்டவில்லை. அவள் அதிகாரியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, மாட்டோடு மைதானத்தை விட்டு வெளியே போனாள்.

அன்று மாலை அவன் வீட்டுக்கு வந்தபோது ஒரு பெரிய சண்டைக்குத் தயாராகத்தான் வந்தான். சண்டை வந்தால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தான். 'அந்தப் பதட்டத்துல வாய் தவறிப் போச்சு', 'மைக்கப் பாத்ததும் நாக்கு குழறிடுச்சு.' ஒன்றும் தேவைப்படவில்லை. அவள் வழக்கம்போல சாப்பாடு போட்டாள். வழக்கம்போல, "இன்னும் வேணுமா?" என்று கேட்டாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்குச் சோறு இறங்கியிருக்கும்.

மகள்தான் சும்மா விடவில்லை. மறுநாள் காலை காபியைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்து, "முதலாளி, காபி" என்றாள்.

"என்ன பேச்சு இது?"

"மாட்டைப் பாத்துக்கிற ஆளோட பொண்ணு வேற எப்படிங்க பேசும், முதலாளி?"

கொட்டகையிலிருந்து மனைவி, "சும்மா இரு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்று குரல் கொடுத்தாள். பரிசுக் கோப்பையை அலமாரியில் காணோம் என்று தேடியபோது, அது கொட்டகையில் தாது உப்பு அள்ளிப் போடுகிற அளவுக் கிண்ணமாகிவிட்டிருந்தது. அதுவும் மகளின் வேலைதான். அவன் எடுத்துவரவில்லை. எந்த முகத்தோடு எடுப்பது?

கடையில் நிலைமை இன்னும் மோசம். "மந்திரி, ஒரு மூட்டைத் தவிடு. அப்புறம் எங்க வீட்டுக்கும் மாட்டைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும், தெரிஞ்ச இடத்துல சொல்லி வையேன்" என்பான் ஒருவன். இன்னொருவன் ஒன்றும் பேசாமல் மைக் பிடிப்பதுபோலக் கையை மட்டும் நீட்டுவான். மண்ணில் விழுந்ததைச் சொல்லிச் சிரித்தவர்களைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. ஆனால் பால் வண்டி ஓட்டுகிறவர், பெரிய மனிதர், தலை நரைத்தவர், ஒரு நாள் தீவனம் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது மெதுவாக, "தம்பி, அந்தப் பொண்ணு பாலக் கொண்டாந்து ஊத்தறப்ப மூஞ்சியப் பாக்க முடியலப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மந்திரி யாருக்கும் உபதேசம் சொல்லவில்லை. விலையை மட்டும் சொன்னான்.

அவமானத்தை எங்கேயாவது இறக்கி வைக்கவேண்டுமே. ஒரு நாள் சாப்பிடும்போது, "அந்தச் செவலைய வித்துடலாம்னு பாக்கறேன். குணம் கெட்ட மாடு" என்றான்.

மனைவி கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அது குணம் கெட்ட மாடா?" என்றாள். அவ்வளவுதான். அவன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். விற்கிற பேச்சு அதோடு போயிற்று.

இப்படியே நாட்கள் நகர்ந்துகொண்டிருந்தபோது அவளுடைய அண்ணன் போன் செய்தான். அண்ணிக்கு ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆளில்லை. அவள் உடனே துணிகளை எடுத்து வைத்தாள். "கறுப்பிய நம்ம பொண்ணு கறந்துடுவா. செவலைகிட்ட இன்னும் பழகல. கீழ்த்தெரு அக்காகிட்டச் சொல்லிட்டுப் போறேன், வந்து கறந்து குடுத்துட்டுப் போவாங்க" என்றாள்.

கீழ்த்தெரு அக்கா என்றால் ஊருக்கே ஒலிபெருக்கி. அந்த அம்மாள் தினமும் அவன் வீட்டுக் கொட்டகைக்கு வந்து கறந்துவிட்டு, 'முதல் பரிசு வாங்கினவருக்குக் கறக்கத் தெரியல' என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. "யாரும் வேணாம். நான் பாத்துக்கறேன்" என்றான்.

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீங்களா?"

"ஏன், நான் மனுசனில்லையா? சின்ன வயசுல கறந்தவன்தான்."

இதுவும் பொய். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "முடியலன்னா அக்காவக் கூப்பிடுங்க. மடியில பாலத் தேங்க விட்றாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

முதல் நாள் அவன், அவள் மாட்டிக்கொள்கிற அந்தப் பழைய சட்டையையே போட்டுக்கொண்டு போனான். வாசனைக்கு ஏமாந்து நிற்கும் என்று நினைத்தான். செவலை ஏமாறவில்லை. ஆனால் கண்டபடி உதைக்கவுமில்லை. பின்னங்காலைக் கயிற்றால் கட்டி, தீவனத்தை முன்னால் வைத்துக் கெஞ்சிக் கூத்தாடியதில் அரை வாளி கறந்தான். அதற்கே விரல்கள் மரத்துப்போய், கைக்குட்டையைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மாடு பாலை அடக்கிக்கொண்டது. மடி இன்னும் கனமாகத்தான் தொங்கியது. 'சரி, சாயங்காலம் சேர்த்துக் கறந்துக்கலாம்' என்று எழுந்துவிட்டான்.

"என்னப்பா, பால் பாதிதான் இருக்கு?" என்றாள் மகள்.

"தீவனம் மாத்தியிருக்கேன்ல. ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும்."

சாயங்காலமும் பாதிதான் கறந்தான், மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் காலை கையை வைத்தபோது பின்பக்க மடியில் ஒரு பக்கம் சுட்டது. கல்லாக இறுகியிருந்தது. பீச்சிப் பார்த்தான். பால் திரி திரியாக வந்தது. செவலை வலியில் முதுகைக் குறுக்கியது.

அவனுக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பான், கையக் கழுவு, காம்பக் கழுவு, மடியில மிச்சம் வைக்காத! அப்போதே டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். போனைக் கையிலும் எடுத்தான். டாக்டரம்மா அன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அவருடைய வண்டி தெருவுக்குள் வந்து தன் வீட்டு வாசலில் நிற்பதையும், 'பரிசு வாங்கின மாட்டுக்கு மடிநோயாமே, மந்திரி கறந்தாராமே' என்று கடை வாசலில் பேசிக்கொள்வதையும் மனக்கண்ணில் பார்த்தான். போனைச் சட்டைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டான்.

'வெந்நீர் ஒத்தடம் கொடுத்தா வடிஞ்சுடும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மகள் பள்ளிக்கூடம் போனபிறகு துணியை நனைத்து நனைத்து ஒத்தடம் கொடுத்தான். கடையிலிருந்து ஒரு களிம்பைக் கொண்டுவந்து தடவினான். அவன் தொட்டபோதெல்லாம் செவலை உதைக்கக் காலைத் தூக்கியது. பிறகு தூக்காமல் நின்றது. உதைக்காததைப் பார்த்து, 'பழகிடுச்சு போல' என்று அவன் நினைத்தான். உண்மையில் அதற்கு உதைக்கத் தெம்பில்லை.

மனைவி போன் செய்தபோது, "செவலை எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"அதுக்கென்ன, ராணி மாதிரி இருக்கு."

"தீனி எடுக்குதா?"

"எடுக்குது எடுக்குது. நீ அண்ணியப் பாரு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், செவலை தொட்டியில் தலையை வைக்காமல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

இப்படியே மூன்று நாள் போனது. நாலாம் நாள் மத்தியானம் அவன் கடையில் இருந்தபோது தெருவில் டாக்டரம்மாவின் வண்டி போயிற்று. வீட்டுத் திசையில்தான் போயிற்று. அவன் கடையைப் பக்கத்து ஆளிடம் விட்டுவிட்டு ஓடினான். பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் வந்த மகள்தான் கூப்பிட்டிருக்கிறாள். கொட்டகையில் டாக்டரம்மா கையுறையோடு குனிந்திருந்தார். மகள் செவலையின் தலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"எப்ப இருந்து இப்படி இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அவன், "நேத்து சாயங்காலம்தான்..." என்று ஆரம்பித்தான்.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. "இது நேத்து வந்ததில்லைங்க. எனக்குச் சரியாத் தெரிஞ்சாதான் மருந்து குடுக்க முடியும்" என்றார்.

மகளும் பார்த்தாள். அவனுக்குத் தலை நிமிரவில்லை. "நாலு நாளாச்சுங்க" என்றான்.

அவர் ஊசி போட்டார், காம்பு வழியாக மருந்து ஏற்றினார். கை கழுவும்போது, "மாடு பொழைச்சுக்கும். ஆனா அந்தப் பின்காம்பு போச்சு. இனிமே அதுல பால் வராது. வந்த அன்னிக்கே கூப்பிட்டிருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, "கடையில நீங்க எல்லாருக்கும் நல்லாத்தான சொல்வீங்க. ஏன் கூப்பிடல?" என்று கேட்டார். வெளியே அவன் பயந்தபடியே நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. "மாடு எப்படி இருக்கு?" என்றுதான் கேட்டார்கள். கீழ்த்தெரு அக்கா ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே வந்து, கையைக் கழுவிக்கொண்டு, மற்ற மூன்று காம்பிலும் தேங்கியிருந்ததை வலிக்காமல் கறந்து விட்டாள்.

"அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாள் மகள். "போன்ல இல்ல. நேர்ல போய்ச் சொல்லணும். நான் அக்காவோட மாட்டப் பாத்துக்கறேன்."

முதலாளி என்று அவள் கூப்பிடவில்லை. அப்பா என்றும் கூப்பிடவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவனைத் தூரத்தில் பார்த்ததுமே குழாயை மூடினாள். "யாருக்கு என்ன?" என்றாள். முகம் வெளிறிவிட்டது.

"பொண்ணு நல்லா இருக்கா. செவலைக்குத்தான்..." என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். பாதி கறந்ததை, கல்லாக இறுகியதை, ராணி மாதிரி இருக்கிறது என்று போனில் சொன்ன பொய்யை. காம்பு போய்விட்டது என்றபோது அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஏன் டாக்டரம்மாவக் கூப்பிடல?"

"வெக்கமா இருந்துச்சு."

"ஏன் அக்காவக் கூப்பிடல?"

"அதுக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு."

அவள் குரல் உயர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவன் அந்தக் குரலைக் கேட்டதில்லை. நடந்துபோன நர்ஸ்கூட நின்று பார்த்தாள். "உங்க வெக்கத்துக்கு அது காம்பக் குடுக்கணுமா? வாயில்லா ஜீவன், வலிக்குதுன்னு அதுக்குச் சொல்லத் தெரியுமா? உங்களுக்குத்தான் வாய் இருக்கே! ஊருக்கெல்லாம் பேசற வாய்! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, 'முடியல, வாங்க'ன்னு சொல்ல வரலையா?"

வராந்தாவில் எல்லாரும் பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. அவள் திட்டத் திட்ட, இத்தனை நாள் தொண்டையில் நின்றது கொஞ்சம் இறங்கியது. அந்தத் தைரியத்தில், "அன்னிக்கு மேடையிலயும் நான்..." என்று வாயைத் திறந்தான்.

"அத இப்ப எடுக்காதீங்க" என்று அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "உள்ள அண்ணி இருக்கா, வீட்டுல மாடு கிடக்கு. நீங்க மன்னிப்புக் கேட்டு மனசு லேசாக, நான் இங்க உக்காந்து கேட்டுட்டிருக்க முடியாது. அத நான் எடுக்கறப்ப நீங்க பேசுங்க."

அன்று மாலையே வெளியூரில் இருந்த அண்ணன் மகளை வரச்சொல்லி ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அவனோடு கிளம்பி வந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கொட்டகைக்குள் நுழைந்ததும் செவலை மெலிந்த குரலில் ஒரு தரம் கத்தியது. அவள் அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். அவன் வாசலுக்கு வெளியிலேயே நின்றான்.

மாடு தேறியது. பால் முன்னைப்போல இல்லை, ஆனாலும் கறந்தது. மந்திரி காலையில் கடைக்குப் போகுமுன் கொட்டகைக்கு வர ஆரம்பித்தான். யாரும் கூப்பிடவில்லை. சாணி அள்ளினான், தொட்டி கழுவினான். தெருவில் தெரிந்தவர்கள் போனால் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நிற்பதுபோல நிற்பான். அவர்கள் போனதும் மறுபடி எடுப்பான். மனைவி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள். ஒரு நாள் சங்கத்துக்குப் போய்ச் செயலாளரிடம், "அந்தப் பரிச எங்க வீட்டம்மா பேருக்கு மாத்தணும்ங்க" என்றான். அவர் யோசித்துப் பார்த்து, "கோப்பையில பேரே அடிக்கலையேப்பா. நீ யார்கிட்ட வேணாலும் குடுத்துக்கோ" என்றார். ஊரில் அதற்குள் வேறு சிரிப்பு வந்துவிட்டிருந்தது. யாரோ ஒருவருடைய ஆடு பள்ளிக்கூடத் தலைமையாசிரியரின் மூக்குக்கண்ணாடியைத் தின்றுவிட்டதாம். மந்திரியை யாரும் சீண்டுவதில்லை. எல்லாரும் மறந்ததை அவன் ஒருவன் வைத்துக்கொண்டு திரிந்தான்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அவள் செவலையிடம் உட்கார்ந்து கறந்துகொண்டிருந்தாள். அவன் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கறப்பதை நிறுத்தாமல், திரும்பாமல், "அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

துடைப்பம் அவன் கையில் நின்றது. பதட்டம், நாக்குக் குழறல் என்று வழியெல்லாம் யோசித்து வைத்த சமாதானங்கள் எல்லாம் இன்னும் அப்படியே இருந்தன. எடுத்துச் சொன்னால் அவள் நம்பினாலும் நம்பலாம். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான்.

"நீ சாணியோட, வெறும் காலோட நின்ன" என்றான். "பெரிய மனுசங்க எல்லாம் உன்னையே பாத்தாங்க. பொண்டாட்டின்னு சொல்ல... வெக்கமா இருந்துச்சு."

சொல்லி முடித்ததும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாதா என்று இருந்தது. அவள் கை நிற்கவில்லை. மூன்று காம்பையும் மாற்றி மாற்றிக் கறந்து முடித்தாள்.

"அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். "வேற எதாச்சும் இருக்கக்கூடாதான்னு பாத்தேன்."

"இப்ப எனக்கு..."

"இப்ப என்னன்னு நான் கேக்கல."

அவள் எழுந்து வாளியை ஒதுக்கி வைத்தாள். கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு முதல் முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, குரலில் அது தெரியவில்லை. "பொய் சொல்லாம சொன்னீங்க, சரி. அதுவே போதும்னு நான் சொல்லமாட்டேன். போதாது. கொஞ்ச நாளாகும். ஆகாமயும் போகலாம்."

அவன் தலையாட்டினான்.

தெருமுனையில் பால் வண்டியின் ஹாரன் கேட்டது. வழக்கமாக அவள்தான் கொண்டுபோவாள். "இடுப்பு வலிக்குது" என்றாள். "நீங்க கொண்டு போய் ஊத்திட்டு வாங்க."

அவன் காலைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான். இரண்டிலும் சாணி. தெருவில் அந்த நேரத்துக்குப் பாதி ஊர் நிற்கும். மாற்றிக்கொண்டு வரலாமா என்று கேட்க வாய் வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கி நடந்தான்.